சம்பளம் வராத காவலர்களும் சிரு இரலைகளும்

படத்தின் நடுப்பகுதியில் ஒரு காட்சி வரும். ரோந்துப் படைத் தலைவர் ரிதாய், பல நாள் துரத்திப் பிடித்த வேட்டைக்காரர்களைப் பனிவெளியின் நடுவே நிறுத்தி, நடந்தே வெளியேறிவிடுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். கூட வந்த பத்திரிகையாளன் திகைத்துப் போகிறான். சாவதற்குத்தானே அனுப்புகிறீர்கள் என்று நமக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அங்கே வேறு வழியில்லை. வண்டிகளில் பெட்ரோல் தீரப்போகிறது. இருக்கும் உணவு ரோந்துக்காரர்களுக்கே போதாது. கைதிகளுக்குச் சோறு போட்டால் காவலர் பட்டினி. கைதிகளை வண்டியில் ஏற்றினால் வண்டி நெடுஞ்சாலை வரை போய்ச் சேராது.

'கேக்கெசிலி: மவுண்டன் பட்ரோல்' 2004இல் வந்த சீனப் படம். லூ சுவான் இயக்கியது. திபெத்திய மேட்டுநிலத்தின் கேக்கெசிலி பகுதியில், சிரு என்ற இரலையை வேட்டையிலிருந்து காக்கப் போன ரோந்துப் படையின் கதை. அந்த ஆண்டே டோக்கியோ திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும், தைவானின் தங்கக் குதிரை விருதில் சிறந்த படத்துக்கான விருதும் பெற்றது. பார்த்தவர்கள் அந்த நிலப்பரப்பின் பிரமாண்டத்தைச் சொல்வார்கள், புதைமணல் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு இது கணக்குப் போடும் படம். எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை ஆள், எத்தனை நாள் சம்பள பாக்கி. காட்டுயிர்க் காவலைப் பற்றி வந்த கதைப்படங்களில் இந்தக் கணக்கை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் அரிது. துப்பாக்கிச் சண்டையைவிட இந்தக் கணக்கில்தான் அந்த மனிதர்கள் தோற்றார்கள். பின்னால் வந்தவர்கள் வென்றதும் இதே கணக்கைச் சரிசெய்துதான்.

முதலில் அந்த விலங்கு. சிரு என்பது திபெத்திய இரலை. மானைப் போலத் தோன்றினாலும் உறவுமுறையில் ஆடுகளுக்கு நெருக்கம். பெண் சிரு 25 கிலோ சொச்சம், ஆண் 40 கிலோ அளவில் இருக்கும். கொம்பு ஆணுக்கு மட்டும்தான். மேலே முரட்டு மயிர், அடியில் தோலை ஒட்டி ஒரு மென்மயிர்ப் படலம். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் மேட்டுநிலத்தில் அதை உயிரோடு வைத்திருப்பது இந்த அடிமயிர்தான். ஓர் இழையின் தடிமன் 9 முதல் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நல்ல பஷ்மினா 12 முதல் 16. மனிதத் தலைமயிர் 70 மைக்ரான் அளவில் வரும். இந்த அடிமயிரில் நெய்வதுதான் ஷாதூஷ். பாரசீகத்தில் கம்பளிகளின் அரசன் என்று பொருள்.

பஷ்மினா ஆட்டைக் கட்டிவைத்துச் சீப்பால் வாரி எடுக்கலாம். ஆடு மறுவருடமும் மயிர் தரும். சிருவை அப்படிக் கட்டிவைத்து வளர்க்க முடியாது. வணிகமாக வந்த ஷாதூஷ் எல்லாமே கொன்று, தோலுரித்து, தோலிலிருந்து பிடுங்கியதுதான். மயிர் நீத்தால் வாழாத விலங்கு என்று நாம் பள்ளியில் படித்தது கவரிமாவைப் பற்றி. வார்த்தைக்கு வார்த்தை அது பொருந்துவது அதே மேட்டுநிலத்தில் மேயும் இந்தச் சிருவுக்குத்தான். புதர்களில் உரசிக்கொள்ளும்போது உதிரும் மயிரை இடையர்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்று வியாபாரிகள் சொல்லி வந்தார்கள். சைபீரிய வாத்தின் நெஞ்சுத் தூவி என்றுகூட ஒரு கதை இருந்தது. உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1980களின் இறுதியில் திபெத்திய மேட்டுநிலத்தில் வேலை செய்தபோதுதான், இந்தக் கம்பளிக்காகச் சிருக்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படுவது வெளியுலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிரு மேயும் மேட்டுநிலத்தில் அது உரசிக்கொள்ளப் புதர்களே அரிது என்பதை வாங்கியவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு சிருவிலிருந்து கிடைப்பது 125 முதல் 150 கிராம் மயிர். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து சிரு வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சம் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட இனம், 1990களின் நடுவில் ஷாலரின் மதிப்பீட்டின்படி 65,000 முதல் 75,000 வரை சுருங்கியிருந்தது.

எப்படி இவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதற்கு விடை அதன் வலசையில் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் இணை சேரும். கோடை தொடங்கும்போது சினையான பெண்கள் ஆண்களைப் பிரிந்து, முந்நூறு கிலோமீட்டர் வரைகூட நடந்து, குறிப்பிட்ட சில இடங்களில் கூடிக் குட்டி ஈனும். கேக்கெசிலியில் அப்படிப்பட்ட பெரிய இடம் சோனாய் ஏரி. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை ஏரிக்கரை முழுவதும் பெண் சிருக்கள். ஈற்றுக்கு ஒரே குட்டி. மேய்ச்சல் இவ்வளவு சொற்பமான இடத்துக்கு ஏன் இத்தனை தூரம் வந்து ஈனுகின்றன என்பதற்கு ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த விடை இல்லை. வேட்டைக்காரனுக்கு விடை தேவைப்படவில்லை. மற்ற மாதங்களில் நாள் முழுக்கத் தேடினாலும் சிதறிக் கிடக்கும் விலங்கு அங்கே மொத்தமாகக் கிடைக்கிறது. இரவில் வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டால் வெளிச்சத்தில் மிரண்டு நின்றுவிடும். அல்லது வெளிச்சத்தோடே ஓடும். ஓட ஓடச் சுடுவார்கள். சுட்ட இடத்திலேயே தோலை உரித்துக்கொண்டு உடலை விட்டுவிடுவார்கள். தாய் ஒன்று செத்தால் வயிற்றில் இருப்பதும் சேர்ந்து போகிறது, அல்லது ஈன்ற குட்டி பாலில்லாமல் போகிறது. ஒரு தோலுக்கு இரண்டு உயிர்.

படத்தில் இந்த உடல்கள் கிடக்கும் வெளியைக் காட்டுவார்கள். சிவந்த, தோலில்லாத உருவங்கள். மேலே கழுகுகள். பின்னணி இசையை வைத்து நம்மை அழவைக்கும் முயற்சி அங்கே இல்லை. ரோந்துக்காரர்கள் அவர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

அந்தப் படத்தின் ரிதாய் கற்பனைப் பாத்திரம். அதன் பின்னால் இரண்டு நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள். சிங்ஹாய் மாகாணத்தின் சிதுவோ மாவட்டத்தில் கட்சியின் துணைச் செயலாளராக இருந்த சோனம் தார்கே முதலாமவர். 1980களில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் கேக்கெசிலிக்குள் புகுந்தார்கள். தங்கம் கிடைக்காதவர்கள் சிருவைச் சுடத் தொடங்கினார்கள். 1992இல் 'மேற்குப் பணிக்குழு' என்ற பெயரில் சோனம் தார்கே ஓர் அமைப்பை உண்டாக்கினார். அதன் அலுவல்பூர்வ நோக்கம் அந்தப் பகுதியின் கனிவளத்தை மேம்படுத்துவது. உள்ளே போய்ப் பார்த்த பிறகு அது வேட்டைத் தடுப்புக் குழுவாக மாறியது. பெயரும் பட்ஜெட்டும் ஒன்றுக்கு, வேலை வேறொன்றுக்கு. பின்னால் வந்த பணக்கஷ்டம் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

1994 ஜனவரியில் அவரும் கையளவு ஆட்களும் சேர்ந்து 20 வேட்டைக்காரர்களைப் பிடித்தார்கள். ஏழு வண்டிகள், 1,800க்கு மேற்பட்ட தோல்கள். அதாவது ஏறத்தாழ 450 சால்வைக்கான சரக்கு. பிடிப்பதில் சிக்கல் வரவில்லை. பிடித்த பிறகு இத்தனை பேரையும் வண்டிகளையும் அந்தக் குளிரில் பல நாள் பயணம் செய்து வெளியே கொண்டுவர வேண்டும். கைதிகளில் காயமும் நோயும் பட்டவர்களைச் சாகவிடக் கூடாது என்று, தன் ஆட்களில் இருவரோடு முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பினார். மீதிக் கைதிகளுக்குக் காவலாக மிஞ்சியது மூன்று பேர். ஜனவரி 18 அன்று சூரிய ஏரி அருகே கைதிகள் காவலர்களை மடக்கி, துப்பாக்கிகளைக் கைப்பற்றி, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைக் குறிபார்த்த நிலையிலேயே உடல் உறைந்து கிடந்தது என்று கண்டெடுத்தவர்கள் சொன்னார்கள்.

ரிதாய் கைதிகளை நடந்து போகச் சொல்லும் காட்சியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கைதிகளைக் கூடவே வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு முன்னால் இருந்தவரின் கதையிலேயே இருக்கிறது. நோயாளிக்கு இரக்கப்பட்டு ஆளைப் பிரித்தால் காவல் பலவீனமாகும். படத்திலும் ரிதாய் லியூ தோங் என்ற இளைஞனிடம் காயம்பட்டவர்களை ஒப்படைத்து அனுப்புகிறார். அதோடு படையின் ஒரு வண்டியும் ஓர் ஆளும் குறைந்துவிடுகிறார்கள்.

இரண்டாமவர் சோனம் தார்கேயின் மைத்துனர் சாபா தோர்ஜே. 1995இல் இவர் மறுபடி ஆள் திரட்டி அமைத்த படைக்கு 'காட்டு யாக் படை' என்று பெயர். ஊர் இளைஞர்கள், ராணுவத்திலிருந்து விலகி வந்தவர்கள், தற்காலிக வேலைக்காரர்கள். நிரந்தரப் பதவியில் இருந்தவர்கள் கொஞ்சம்தான். சம்பளம் மாதக்கணக்கில் வராது. 1998 நவம்பரில் சாபா தோர்ஜே தன் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். 2001இன் தொடக்கத்தோடு அந்தப் படையும் இல்லாமல் போனது. ரோந்து வேலை கேக்கெசிலி காப்பக நிர்வாகத்தின் கைக்குப் போனது.

இந்த இடத்தில்தான் படம் பெரும்பாலான படங்கள் தொடத் தயங்கும் ஒன்றைத் தொடுகிறது. பறிமுதல் செய்த தோல்களில் ஒரு பகுதியை விற்றுத்தான் செலவைச் சமாளிக்கிறோம் என்று ரிதாய் பத்திரிகையாளனிடம் ஒப்புக்கொள்கிறார். எந்த விலங்கைக் காக்க வந்தாரோ அதன் தோலை விற்று, அதைக் காக்கப் பெட்ரோல் வாங்குகிறார். நிஜப் படையைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளிலும் தோல் விற்பனை இடம்பெற்றது. இதை ரிதாயின் குணக்கேடாகப் படிப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பறிமுதலான சரக்கு சந்தைக்குத் திரும்பினால் வேட்டைக்கு அது ஊக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருடம் சம்பளம் கொடுக்காமல் ஒருவனைப் பனியில் நிறுத்தி, அவன் கையில் விலைமதிப்புள்ள சரக்கையும் கொடுத்துவைத்த ஏற்பாட்டைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். பறிமுதலான தோலை எண்ணி, முத்திரையிட்டு, அதைப் பிடித்தவர்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு கையில் உடனே ஒப்படைப்பது காவலின் அடிப்படைப் பாடம். அந்த இன்னொரு கை அங்கே இல்லவே இல்லை.

மறுபக்கத்திலும் இதே வறுமைதான். தோலுரிக்கும் கிழவன் மா சான்லின் ஒரு காலத்தில் ஆடு மேய்த்தவன். மேய்ச்சல் நிலம் மணலாகிப் போனதும் ஆடுகள் போயின. தோலுக்கு இத்தனை என்று அற்பக் கூலிக்குத் தோலுரிக்க வந்தான். அவனைக் கொடியவனாகக் காட்டாததால் படத்தின் வலி கூடுகிறது.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் ரோந்தைப் புரிந்துகொள்ள முடியாது. கேக்கெசிலி என்றால் மங்கோலிய மொழியில் நீல மலைமுகடு. காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சராசரி உயரம் 4,600 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. அதனால்தான் காய்ந்த ரொட்டி, பாக்கெட் நூடுல்ஸ், உறைந்த இறைச்சி. மரம் கிடையாது, விறகும் கிடையாது.

வண்டி ஓட்டக் கோடை நல்ல காலம் என்று நினைப்போம். அங்கே தலைகீழ். குளிர்காலத்தில் நிலமும் ஆறும் கல்லாக உறைந்து கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் ஜீப்பை விடலாம். கோடையில் மேல்மண் இளகிச் சேறாகும், ஆனால் அடியில் உறைமண் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் கீழே இறங்காது. அச்சு வரை வண்டி புதையும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் சரிவாக வெட்டி, பலகையோ கல்லோ கொடுத்து, இன்னொரு வண்டியில் கம்பிவடம் கட்டி இழுக்க வேண்டும். 4,600 மீட்டரில் பத்து நிமிடம் மண் வெட்டினாலே நெஞ்சு அடைக்கும். ஒற்றை வண்டியில் ரோந்து போவது தற்கொலைக்குச் சமம். இழுக்க இரண்டாவது வண்டி வேண்டும். சிரு குட்டி ஈனுவது இதே சேற்றுக் காலத்தில். காவல் மிக அவசியமான நேரத்தில்தான் போக்குவரத்து மிக மோசம்.

உயரத்தில் வேட்டைக்காரனைத் துரத்தி ஓடும் ஒரு காவலர் சட்டென்று மூச்சுத் திணறிச் சரியும் காட்சி மிகச் சரியாக எடுக்கப்பட்டது. நுரையீரலில் நீர் கோப்பது அது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் கடுமையாக ஓடினால் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் காற்றறைக்குள் கசியும். முதலில் வறட்டு இருமல், பிறகு நுரையோடு கோழை. நிஜமான வைத்தியம் உடனே கீழே இறக்குவது. ஆயிரம் மீட்டர் இறக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கேக்கெசிலியில் ஆயிரம் மீட்டர் கீழே இறங்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். அந்த மேட்டுநிலம் அவ்வளவு தட்டை.

புதைமணல் காட்சியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. லியூ தோங் சரக்கோடு திரும்பி வரும் வழியில் வண்டி சிக்கி, அவனும் மணலுக்குள் மெல்ல மெல்ல முழுதாக மறைந்துபோகிறான். இசை இல்லை, அலறல் இல்லை, காற்று மட்டும். பார்த்தவர் யாருக்கும் மறக்காது. ஆனால் புதைமணல் ஆளை முழுசாக விழுங்காது. 2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். கலங்கிய பின் அடியில் படியும் ஈரமணலின் அடர்த்தி மனித உடலைப் போல இரண்டு மடங்கு. அதனால் இடுப்பளவு இறங்கியதும் உடல் நின்றுவிடும். வெளியே வருவதுதான் கஷ்டம். படிந்து இறுகிய மணலிலிருந்து காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் உருவுவதற்குக்கூட ஒரு காரைத் தூக்கும் அளவு விசை வேண்டும். சிக்கியவர் பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலைச் சிறிது சிறிதாக அசைத்துத் தண்ணீரை உள்ளே இறங்கவிட வேண்டும். கேக்கெசிலி மாதிரி இடத்தில் இடுப்பளவு சிக்கினாலே போதும். இருட்டியதும் குளிர் கொன்றுவிடும். படம் அப்படியே காட்டியிருந்தாலும் அதே கனம் இருந்திருக்கும்.

படம் மேட்டுநிலத்தை விட்டு வெளியே போவதில்லை. சரக்கு போனது. 1,800 தோலிலிருந்து வரும் மயிர் 225 முதல் 270 கிலோதான், ஒரு பிக்கப் வண்டிக்குக்கூடப் பாரமில்லை. எல்லை தாண்டியது பெரும்பாலும் பிடுங்கிய மயிர்தான், நேபாளம் வழியாகவும் நேரடியாகவும் இந்தியாவுக்குள் வந்து, கடைசியில் காஷ்மீருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த இழையை நூற்று நெய்யும் கைகள் ஸ்ரீநகரில்தான் இருந்தன. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி, சர்வதேச வணிகம் 1979 முதல் முழுத் தடை. ஆனால் ஜம்மு காஷ்மீருக்குத் தனி வனவிலங்குச் சட்டம் இருந்ததால், அங்கே உரிமம் பெற்றுக்கொண்டு ஷாதூஷ் தொழில் நடந்தது. பொதுநல வழக்கில் 2000இல் உயர் நீதிமன்றம் தடையை அமல்படுத்தச் சொன்னது. 2002இல் மாநிலச் சட்டமே திருத்தப்பட்டது. இந்தத் திருத்தம் நூற்கும் பெண்கள், நெசவாளர்கள் என்று பல குடும்பங்களின் பிழைப்பையும் அடித்தது, அவர்கள் பஷ்மினாவுக்கு மாற வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வாங்கியவர்கள் மேற்கு நாடுகளின் பணக்காரர்கள். 1997இல் லண்டனின் மேஃபேர் பகுதியில் போலீசார் ஒரே சோதனையில் 138 சால்வைகளைப் பிடித்தார்கள். மோதிரத்துக்குள் நுழைந்து வந்தால் ஷாதூஷ் என்று கடைகளில் செய்துகாட்டுவார்கள். இது சோதனையே அல்ல. மெல்லிய பஷ்மினாவும் நுழையும். வழக்குக்கு வேண்டியது நுண்ணோக்கி. எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் நெய்த துணியில் சில மேல்மயிர்கள் தங்கிவிடும். சிருவின் மேல்மயிருக்குள் பெரிய காற்றறைகள் வலைப்பின்னலாக மயிரின் முழு அகலத்தையும் அடைத்திருக்கும். ஆட்டு மயிரில் அப்படி இருக்காது. இரண்டு முரட்டு மயிர் கிடைத்தாலே சால்வையின் பொய் உடைந்துவிடும்.

1997இல் கேக்கெசிலி தேசியக் காப்பகமானது. சம்பளம், வண்டி, துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் அதன்பின்தான் முறைப்பட்டன. அதே காலத்தில் 'பசுமை நதி' என்ற தன்னார்வ அமைப்பை நடத்திய யாங் சின், நெடுஞ்சாலை ஓரத்தில் சோனம் தார்கேயின் பெயரில் ஒரு காவல் நிலையத்தைக் கட்டினார். பிற்பாடு நகரங்களிலிருந்து தன்னார்வலர்கள் முறைவைத்து வந்து தங்கினார்கள். துரத்தும் வேலையை அவர்களிடம் கொடுக்கவில்லை. போகிற வருகிற வண்டிகளிடம் பேசுவது, விலங்குகளை எண்ணுவது, குப்பை பொறுக்குவது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பழக்கமில்லாத ஆளை 4,600 மீட்டரில் ஓடவிட்டால் இன்னொரு நோயாளிதான் மிச்சம்.

பெரிய மாற்றம் சோனாய் ஏரியில் நடந்தது. காப்பகம் முழுக்க ரோந்து சுற்றுவது யாராலும் ஆகாது. ஆனால் ஈனும் சில வாரங்களுக்கு ஏரிக்கரையிலேயே முகாம் போட்டு உட்கார்ந்துவிட முடியும். பெண் சிருக்கள் வருவதற்கு முன்பே ஆட்கள், உணவு, எரிபொருள் எல்லாவற்றையும் கொண்டுசேர்த்துவிடுகிறார்கள். கூட்டம் திரும்பும் வரை அங்கேயே காவல். தாயைப் பிரிந்த குட்டிகளைக் கொண்டுவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பதும் நடக்கிறது. 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். சிருவை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து இரண்டு படி தளர்த்தி, 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்ற நிலைக்கு மாற்றியது. மறுவருடம் கேக்கெசிலி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.

தொல்லைகள் தீர்ந்துவிடவில்லை. 2011 செப்டம்பரில் சோனாய் ஏரியின் கரையே உடைந்து தண்ணீர் கீழே உள்ள ஏரிகளுக்குப் பாய்ந்தது. ஈனும் இடத்தின் கரைக்கோடே மாறியது. 2006இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதைக்கு அடியில் விலங்குகள் கடக்கப் பாலங்கள் விட்டிருக்கிறார்கள். ஆனால் அதை ஒட்டியே ஓடும் நெடுஞ்சாலை தரைமட்டத்தில்தான் இருக்கிறது.

கோடையில் வலசைக் கூட்டம் சாலைக்கு வரும்போது அங்கே நடப்பது இதுதான். முன்னால் வரும் ஒரு சிரு தார்ச்சாலையின் ஓரத்தில் நிற்கும். முன்னங்காலை வைத்துப் பார்க்கும், எடுத்துவிடும். ஒரு லாரி ஹாரன் அடித்தால் மொத்தக் கூட்டமும் வந்த வழியே ஓடிவிடும், மறுபடி வரப் பல மணி நேரம் ஆகும். அதனால் காவலர்கள் இரு பக்கமும் லாரிகளை நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுநர்கள் இறங்கிக் கதவைச் சாத்தக்கூடக் கூடாது. காவலர்களும் சாலையை விட்டுத் தள்ளிப்போய்க் குனிந்து உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். முதல் சிரு கடக்கிறது. பிறகு பின்னால் நிற்பவை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுகின்றன.